கழுத்துக் கூச்சம்

எனக்குக் கழுத்தில் கூச்சம். அக்குளில் கூச்சம் உள்ளவர்களை உலகம் மன்னித்துவிடுகிறது. உள்ளங்காலில் கூச்சம் உள்ளவர்கள் செருப்புப் போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். கழுத்துக்காரனுக்கு அந்த வசதி கிடையாது. கழுத்து திறந்தவெளியில் இருக்கிற உறுப்பு. காற்றுப் படும், கொசு உட்காரும், முடி வெட்டுகிறவர் கத்தியோடு வருவார்.

ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். இறந்தவர் நல்ல மனிதர். நாற்பது பேரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். முதல் நிமிடம் முடிகிற சமயம் ஓர் ஈ என் பிடரியில் இறங்கி நடக்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்தேன். அது காதுக்குக் கீழே வரை போய், ஏதோ மறந்துவிட்டது போலத் திரும்பி வந்தது. என் வாயிலிருந்து ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இறந்தவரின் மைத்துனர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார். ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தன் தாடையை என் கழுத்தில் பதித்தார். மறுபடி கத்தினேன். "இவ்வளவு பாசமா வெச்சிருந்தீங்க" என்று அவரும் அழுதார். இன்றைக்கும் அந்த வீட்டிலிருந்து வருடத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. பதில் போட முகமில்லாமல் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கழுத்தால் ஒரு பெண்மணியின் பிழைப்பில் மண் விழப் பார்த்தது. சிரிக்கிற மாதிரிதான் ஆரம்பிக்கும், கேளுங்கள்.

நான் வேலை பார்த்தது எடை, அளவு சோதிக்கிற அலுவலகத்தில். கடைத் தராசு, படிக்கல், துணிக்கடை மீட்டர் கோல் எல்லாம் எங்களிடம் வர வேண்டும். எங்களிடம் ஒரு மரப்பெட்டியில் பித்தளைக் கோல் ஒன்று உண்டு. ஊரில் உள்ள அத்தனை கோலுக்கும் அதுதான் மூத்த தமையன். அதோடு வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை குத்தித் தேதியும் பொறிப்போம். இருபத்தேழு வருடம் அதைச் செய்து செய்து, வீட்டில் புதுக் கரண்டி வாங்கினால்கூட என் வலது கை முத்திரைச் சுத்தியலைத் தேடும்.

என் ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு புது மேலதிகாரி வந்தார். உட்கார்ந்து எழுந்தாலும் சட்டை கசங்காது. நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. வந்த மூன்றாம் நாள், அலுவலகத்தில் எல்லோரும் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டனை மாட்டி, டை கட்டி வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். அதுவரை என் சட்டைகளின் கழுத்துப் பட்டனை நான் ஓர் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எதிர்ச் சாரியில் ஒரு தையல்கார அம்மா இருந்தார். பல் டாக்டரின் மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை. இரண்டு மிஷின், ஒரு பெஞ்சு, ஒரு திரை. ஆண்கள் சட்டை மட்டும்தான் தைப்பார். முதலில் ஐந்து பேருக்குத் தைக்கட்டும், நன்றாக இருந்தால் நாற்பது பேருக்கும் வருடா வருடம் அவரிடமே கொடுக்கலாம் என்று இஸ்திரி சொல்லியிருந்தார். அந்த ஐந்து பேரில் நான் ஒருவன். இன்னொருவன் என் பிரிவில் இருந்த ஒல்லியான இளைஞன். ஒட்டடைக்குச்சி என்பதைச் சுருக்கி ஒட்டடை என்போம்.

ஒட்டடைக்கு அளவெடுத்து முடித்து என்னைக் கூப்பிட்டார். தோள் எடுத்தார், கை எடுத்தார், மார்பு எடுத்தார். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு இஞ்ச் டேப் என் கழுத்தைச் சுற்றியது.

ஆட்டுக்குட்டி கத்தியது.

அந்த அம்மா கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். "என்ன சார் இது?"

"ஒண்ணுமில்லம்மா. கூச்சம்."

"ஆம்பளைங்க முன்னாடி கூச்சமா இருந்தா திரைக்குப் பின்னாடி வாங்க, அங்க எடுக்கறேன்."

"ஐயையோ, அந்தக் கூச்சம் இல்லம்மா."

"வேற எந்தக் கூச்சம்?" என்று கேட்டவர் பார்வை கூராயிற்று. "வயசுக்கு ஏத்த மாதிரி நில்லுங்க சார். இது நாலு பேர் வந்து போற இடம்."

பெஞ்சில் ஒட்டடை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. ஐம்பத்திரண்டு வயதில், மனைவி மக்கள் உள்ளவனை, ஒரு பெண்மணி அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும்? "கழுத்தளவு எடுக்க வேணாம். எனக்கே தெரியும். பதினஞ்சு" என்றேன்.

"பாத்தா பதினாறுக்கு மேல தெரியுதே."

"நான் எந்த ஆபீஸ்ல வேலை பாக்கறேன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன? பதினஞ்சு."

அவர் பதினைந்து என்று எழுதிக்கொண்டார். பொய் சொல்லவில்லை நான். என் கல்யாணச் சட்டைக் கழுத்து பதினைந்துதான். அதன் பிறகு இருபத்துநாலு வருடம் என் மனைவி கையால் ஆக்கியதை உட்கார்ந்து தின்றிருக்கிறேன் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

நான் கிளம்பும்போது அந்த அம்மா ஒட்டடையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆர்டர் வந்துரும்னு நம்பி பக்கத்து ரூமையும் எடுத்துட்டேன் தம்பி. என் தங்கச்சி, பாக்கிற வேலைய விட்டுட்டு வந்துட்டா. கடவுள்தான் பாத்துக்கணும்."

சட்டைகள் வந்தன. கழுத்துப் பட்டனை என் மனைவி முழங்காலை என் முதுகில் ஊன்றி மாட்டிவிட்டாள். மூட்டை கட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மாட்டியபின் என் தலை ஒரே திசையைப் பார்த்தது. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் பீரோவை நகர்த்துவது போல உடம்பையே திருப்ப வேண்டும். சாப்பாட்டுத் தட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. ஞாபகத்தை வைத்துச் சாப்பிட்டேன். நான் வணக்கத்துக்குத் தலையசைப்பதில்லை என்பதால் எனக்குத் தலைக்கனம் என்று இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஒருநாள் தும்மினேன். பட்டன் தெறித்துப் போய்ச் சுவர்க் கடிகாரத்தில் பட்டு, பதினொன்று இருபதுக்கு அது நின்றுவிட்டது. அன்றைக்கு எங்கள் பிரிவில் யாரும் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவே இல்லை.

பத்தாம் நாள் கழுத்து வலி பிடித்துக்கொண்டது. டாக்டர் கழுத்துப் பட்டை எழுதிக்கொடுத்தார். அதைக் காலருக்கு மேலேயே கட்டிக்கொண்டேன். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். சட்டையைக் கழற்றி அந்தக் குளிர்ந்த மேசையில் படுத்ததும் வலி பறந்துவிட்டது. எக்ஸ்ரே இவ்வளவு நல்ல வைத்தியம் என்று தெரியாமல் போயிற்றே என்று அடுத்த வாரமும் போய் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை எக்ஸ்ரேக்காரர், "சார், படம் நல்லா இருக்குன்னா பெரிசா பிரிண்ட் போட்டுத் தரட்டுமா?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் இஸ்திரி என் மேசைக்கு வந்து கேட்டார். "என்ன, எந்நேரமும் கழுத்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க?"

பிரிவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சொன்னது ஐந்தே வார்த்தை. "அந்த அம்மாவோட அளவு சரியில்லை சார்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அது ஒரு முனகல். அளவு சோதிக்கிறவன் சொன்னால் அது தீர்ப்பு. இஸ்திரி நெற்றியைச் சுருக்கினார். "டேப் தப்பா இருக்குமோ? சோதிச்சு எனக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஆர்டர் கிடையாது."

அவர் போனதும் ஒட்டடை குனிந்து மெல்லச் சொன்னான். "அண்ணே, பதினஞ்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உனக்கு இந்த வருஷம் இன்க்ரிமென்ட் வேணுமா, வேணாமா?"

அவன் ஃபைலைத் திறந்து படிக்க ஆரம்பித்தான். தலைகீழாக இருந்தது ஃபைல்.

போனேன். அந்த அம்மா கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றிக் கொடுத்தார். "அளவு நீங்க சொன்னதுதானே சார்?" என்று மட்டும் கேட்டார். "அதெல்லாம் சோதனையில் தெரியும்" என்றேன், அலுவலகக் குரலில். பக்கத்து அறையில் அவர் தங்கை வேலையில்லாமல் ஒரு கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பித்தளைக் கோலைப் பெட்டியிலிருந்து எடுத்து, டேப்பைப் பக்கத்தில் விரித்தேன். தப்பாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் விரித்தேன். துணி டேப் நாளானால் நீளும். அரை விரல் நீண்டிருந்தால்கூட எனக்குப் போதும். ஒரு மயிரிழை பிசகவில்லை. கடைத்தெருவில் நான் பார்த்த நூறு டேப்பில் இவ்வளவு யோக்கியமான டேப் ஒன்றுகூட இல்லை.

அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இஸ்திரி கேட்டபோதெல்லாம், "சோதனையில இருக்கு சார்" என்றேன். ஒரு டேப்பைச் சோதிக்க எட்டு நிமிடம் ஆகும். நான் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். தினமும் ஜன்னல் வழியாக அந்த மாடிப்படி தெரியும். என்னால் தலையைத் திருப்ப முடியாது என்பது அந்த நாட்களில் ஒரு சௌகரியமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மனைவி கேட்டாள். "ஞாயித்துக்கிழமை மட்டும் உங்களுக்கு ஏன் கழுத்து வலிக்கிறதில்லை?"

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் இல்லை."

"ஞாயித்துக்கிழமை சட்டை இல்லை" என்றாள். கையில் ஒரு நூலை வைத்திருந்தாள். நான் உண்ட மயக்கத்தில் தூங்கும்போது என் கழுத்தை அளந்திருக்கிறாள். "தூக்கத்திலயும் ஆடு மாதிரி கத்தறீங்க. பக்கத்து வீட்டுல, எப்ப ஆடு வாங்கினீங்கன்னு கேட்டாங்க." நூலை ஸ்கேலில் வைத்துக் காட்டினாள். "பதினாறே முக்கால்."

"நூல் நீளும்" என்றேன்.

"நூல் நீளாது. உங்க வாய்தான் நீளுது. பாவம் அந்தப் பொம்பளை, உங்களை என்ன பண்ணினா? போய் டேப்பைக் குடுத்துட்டு, தப்பு என்னுதுன்னு சொல்லிட்டு வாங்க."

டேப் இழுப்பறையில் இருப்பதை அவளிடம் நான் சொல்லவே இல்லை. ஒட்டடை சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் போனேன். திங்கட்கிழமை என்பதால் சட்டை, டை, பட்டை எல்லாவற்றோடும் போனேன். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. டேப் சரியாத்தான் இருக்கு. என் மேலதான் தப்பு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மன்னிப்பு கேக்கிற ஆளு தலையைத் தொங்கப்போட்டுட்டு வரும். நீங்க கொடிமரம் மாதிரி நிக்கிறீங்க."

"குனிய முடியலம்மா. காலர்."

அவர் சிரிக்கவில்லை. டேப்பை வாங்கி, வழக்கம்போல நுனியைக் கட்டைவிரலால் தடவினார். நுனியில் பித்தளைத் தகடு இருக்கும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சோதித்துச் சரியாக இருந்தால் முத்திரை. முத்திரைக்குப் பக்கத்தில் தேதி. பூட்டி வைக்கும் முன் என் வலது கை, இருபத்தேழு வருடப் பழக்கத்தில், என்னைக் கேட்காமலே குத்தியிருக்கிறது.

"பன்னெண்டாம் தேதி" என்று படித்தார். சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "இன்னிக்கு இருபத்திமூணு."

தகட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பன்னெண்டாம் தேதியே தெரியுமா சார் உங்களுக்கு?"

"தெரியும்."

உள்ளே மிஷின் சத்தம் இல்லை. தங்கை கேட்டுக்கொண்டிருந்தார் போல. "அவ போன வெள்ளிக்கிழமை பழைய வேலைக்கே திரும்பப் போய்க் கேட்டா. வேற ஆள் போட்டுட்டாங்களாம்" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னார். "என்கிட்ட வந்து சொல்லி என்ன சார் பிரயோஜனம்? எனக்குத்தான் என் டேப் சரின்னு தெரியுமே. அங்க சொன்னீங்க, அங்கயே போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காலை இஸ்திரி நாற்பது பேரையும் கூடத்துக்கு வரச் சொன்னார். ஆர்டரை யாருக்குக் கொடுப்பது என்று அன்றைக்கே முடிவு. எழுந்து நின்றேன். அரைக் கிணறு தாண்டினால் போதும் என்று ஒரு நப்பாசை. "சார், அந்த அம்மாவோட டேப் சரியாத்தான் இருக்கு."

"அப்படின்னா அந்த அம்மாவுக்கு எடுக்கத் தெரியலை" என்றார் இஸ்திரி. "இன்னும் மோசம்."

அரைக் கிணறு தாண்டியவன் எங்கே விழுவான் என்று எல்லோருக்கும் தெரியும். "இல்லை சார். அவங்க எடுக்கவே இல்லை. நான் எடுக்க விடலை. அளவை நானே தப்பாச் சொன்னேன்."

"ஏன்?"

"கூச்சம் சார்."

இஸ்திரியின் முகம் மெல்லக் கனிந்தது. "ஒரு பெண் தொட்டு அளவெடுக்கிறதுல உங்களுக்குக் கூச்சம். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா" என்றார். எல்லோரையும் பார்த்து, "இவர்கிட்ட நாம கத்துக்கணும். இது எனக்குத் தோணவே இல்லை பாருங்க. இவரை மாதிரி சங்கோஜமான ஆளுங்க இன்னும் பத்துப் பேராவது இருப்பாங்க. ஒரு ஆம்பளை டெய்லர்கிட்டயே குடுத்துடலாம்" என்றார். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஊர் முன்னால் உண்மையைச் சொன்னேன். அதற்கு எனக்குக் கைதட்டல். அந்த அம்மாவுக்குத்தான் கேடு. ஒட்டடை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்திருந்தால் நல்ல மனிதன் என்ற பெயரோடு ஓய்வு பெற்றிருப்பேன். உட்காரலாம் என்று முட்டிகூட மடங்கியது. பொய் சொல்ல மாட்டேன், பாதி உட்கார்ந்தே விட்டேன்.

"சார், அந்தக் கூச்சம் இல்லை சார். இது வேற."

"வேறன்னா?"

"சொன்னாப் புரியாது. அந்த அம்மாவைக் கூப்பிடுங்க. இங்கேயே என் கழுத்தை அளக்கச் சொல்லுங்க."

ஒட்டடை சொல்லாமலே ஓடினான். அந்த அம்மா வந்தார், தோளில் பை, கழுத்தில் டேப். ஒரு நாற்காலி போட்டார்கள். பட்டையைக் கழற்றினேன், டையைக் கழற்றினேன், பட்டனை அவிழ்க்க இரண்டு பேர் உதவினார்கள். நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். நான் தாங்கிக்கொள்வேன் என்று ஒரு நிமிடம் நம்பினேன். இறந்துபோனவர்களை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன்.

டேப் பட்டது.

முதலில் ஆட்டுக்குட்டி. பிறகு அதன் தாய். அதற்கப்புறம் வந்த சத்தங்களுக்கு எந்தப் பிராணியையும் நான் குறை சொல்ல முடியாது. நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தேன். அந்த அம்மா விடவில்லை. கூடவே மண்டி போட்டுப் பிடித்தார். கூடம் வெடித்துச் சிரித்தது. இஸ்திரி மேசையைத் தட்டிச் சிரித்ததில் அவர் சட்டை முதல்முறையாகக் கசங்கியது. பக்கத்துக் கட்டடத்திலிருந்து என்னவோ ஏதோ என்று ஆள் வந்தது.

"பதினாறே முக்கால்" என்றார் அந்த அம்மா. அவர் ஒருவர்தான் சிரிக்காதவர்.

"போதும், போதும்" என்றார் இஸ்திரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாற்பது பேருக்கும் இவங்களே தைக்கட்டும். மனுஷன் கழுத்துல இப்படி ஒரு கோளாறா." என் தோளில் தட்டினார். ஒட்டடை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். யாரோ, "அண்ணே, இன்னொரு தடவை" என்றார்கள். எல்லோரும் என்னை விரும்பினார்கள். அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் அந்தக் கட்டடத்தில் என்னை அப்படி யாரும் விரும்பியதில்லை.

அப்போது இஸ்திரி சும்மா, சிரிப்பு அடங்காமலே கேட்டார். "டேப் சரியா இருக்குன்னு எப்பத்தான் தெரிஞ்சுது உங்களுக்கு?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான் என்ன சொன்னாலும் நம்பியிருப்பார்கள். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

"பன்னெண்டாம் தேதி சார்."

"இந்த மாசமா?"

"ஆமா சார்."

"இன்னிக்கு இருபத்திநாலு."

"ஆமா சார்."

சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. முன்வரிசையில் நின்றது. பின்னால் இருப்பவர்களுக்கு யாரோ கிசுகிசுத்தார்கள், அங்கேயும் நின்றது. ஒட்டடை நீட்டிய தண்ணீரை நான் வாங்கவில்லை, அவனும் நீட்டிய கையை எடுக்கவில்லை. இஸ்திரி என் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டார்.

அந்த அம்மா சுருட்டிய டேப்பை மறுபடி பிரித்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தார்.

"அடுத்தது யாரு?" என்றார்.

ஒவ்வொருவராகக் காலரைத் திறந்துகொண்டு வரிசையில் வந்தார்கள். அவர் அளவைச் சொல்ல, வாசலில் வந்து நின்ற தங்கை எழுதிக்கொண்டார். என்னை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்ற எல்லோரும் முடிகிறவரை, காலர் திறந்தபடியே, அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.